இவ்வளவு காத்தாடி, இவ்வளவு சோலார் இருந்தும் சாயந்தரம் ஆனா ஏன் கரண்ட் தள்ளாடுது?

குற்றாலச்சாரல்:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு தென்காசி பக்கம். சுரண்டை, கயத்தாறு, பணகுடி, ஆரல்வாய்மொழின்னு எந்தப் பக்கம் பைக்கை எடுத்துட்டுப் போனாலும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காத்தாடிதான். தமிழ்நாட்டுல காத்தாலை மட்டும் 11,000 மெகாவாட்டுக்கு மேல இருக்குன்னு சொல்றாங்க, அந்தப்பக்கம் கமுதில 648 மெகாவாட் சோலார், கூடங்குளத்துல அணு உலை வேற. இவ்வளவையும் வச்சுக்கிட்டு ஏப்ரல் மே மாசம் ராத்திரி ஏழு மணி ஆனா எங்க தெருவுல ஃபேன் சுத்துதா நிக்குதான்னே தெரியல, ஏசி போட்டா டப்புனு ட்ரிப் ஆகுது, பத்து மணிக்கு மேலதான் கொஞ்சம் மூச்சு வருது. டிவி விவாதத்துல ஒருத்தர் நிலக்கரியை இன்னைக்கே மூடணும்ங்கிறார், இன்னொருத்தர் சோலார் காத்தாலை எல்லாம் ஏமாத்து வேலைங்கிறார். எங்க சித்தப்பா விவசாயிக்கு ஃப்ரீ கரண்ட் குடுத்ததுதான் எல்லாத்துக்கும் காரணம்னு ஃபேமிலி குரூப்புல தினமும் ஒரு ஃபார்வர்ட். உண்மையிலயே எதுதான் காரணம்? வீட்டு மாடில சோலார் போட்டா இந்தத் தொல்லை தீருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, கட்சி சண்டை வேண்டாம் ப்ளீஸ்.

பழையஈபி:
தம்பி, ரிட்டயர் ஆன ஆளு நான், அதனால தைரியமா பேசலாம். நீங்க ரெண்டு விஷயத்தை ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறீங்க. உங்க தெருவுல வோல்டேஜ் விழுறதுக்கும் காத்தாலைக்கும் நிலக்கரிக்கும் சம்பந்தமே கிடையாது. உங்க ஏரியா ட்ரான்ஸ்ஃபார்மர் 100 கேவிஏ இருக்கும், அது போட்ட காலத்துல வீட்டுக்கு நாலு லைட்டு ரெண்டு ஃபேன், இப்ப வீட்டுக்கு ரெண்டு ஏசி ஓடுது, ராத்திரியும் சூடு இறங்க மாட்டேங்குதுன்னு எல்லாரும் ஒரே நேரத்துல போடுறாங்க. 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தோட உச்ச தேவை 20,830 மெகாவாட் போச்சு, அன்னைக்கு வரைக்கும் அதான் ரெக்கார்டு. அவ்வளவு லோடையும் மாநிலம் சமாளிச்சுது, ஆனா உங்க தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் சமாளிக்கல, விஷயம் அவ்வளவுதான்.

இப்ப மாநில அளவு கதைக்கு வருவோம். காத்து எப்ப அடிக்கும்? தென்மேற்குப் பருவக்காத்து பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழின்னு மூணு சந்து வழியா உள்ள வருது, மே கடைசில ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் சக்கைப்போடு போடும். ஏப்ரல்ல நீங்க பாக்குற காத்தாடில பாதி சும்மா நிக்கும், இல்ல பேருக்கு சுத்தும். சோலார் பகல்ல கொட்டும், ஆறு மணிக்கு மேல சைபர். ஜனங்க வீட்டுக்கு வந்து ஏசி போடுறது ஏழு மணிக்கு. அந்த நேரத்துல எக்ஸ்சேஞ்ச்ல, அதாவது கரண்ட் வாங்கி விக்கிற சந்தையில போய் வாங்கணும், யூனிட்டுக்கு 10 ரூபா உச்சவரம்பு (2022ல 12 ஆக்கி அப்புறம் 10க்கு இறக்கினாங்க), சீசன்ல பல நாள் அந்த உச்சத்துலதான் நிக்கும், அந்தக் காசுக்கும் சில நேரம் கேட்ட அளவு கிடைக்காது. அதே எக்ஸ்சேஞ்ச்ல மத்தியானம் ரெண்டு மூணு ரூபாய்க்குக் கிடைக்கும். சரி, மத்தியானம் நிலக்கரி யூனிட்டை நிறுத்திட்டு சாயந்தரம் போட்டுக்கலாமேம்பீங்க, அனல்மின் நிலையம் அப்படி சுவிட்ச் போட்டு அணைக்கிற சமாச்சாரம் இல்ல, ஒரு அளவுக்குக் கீழ இறக்கினா கொதிகலன்ல தீ நிக்காது, முழுசா அணைச்சா திரும்ப ஏத்தி லைனுக்கு வர பல மணி நேரம் ஆகும், எண்ணெய் செலவு தனி. அதனால மத்தியானம் என்ன பண்ணாங்கன்னா சோலார்காரன்கிட்ட "கொஞ்சம் குறைச்சுக்கோ"ன்னாங்க. வெளியில விலை மலிவா கிடைக்குதுன்னு அப்படி சோலாரைக் குறைச்சது தப்புன்னு 2021ல மின்சார மேல்முறையீட்டு தீர்ப்பாயமே சொல்லி நஷ்ட ஈடு குடுக்கச் சொல்லுச்சு.

என்னைக் கேட்டா நமக்குக் குறை உற்பத்தில இல்ல, சேமிப்புலதான். கடம்பாறைல 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 80கள்லயே கட்டினோம், மேல் ஆழியாறு தண்ணியை மேல கடம்பாறை அணைக்கு பம்ப் பண்ணி வச்சுக்கிட்டு தேவைப்படறப்ப இறக்கி கரண்ட் எடுக்குறது. அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒண்ணு முடிக்க நமக்கு வக்கில்ல. குந்தால 500 மெகாவாட் பல வருஷமா இழுவையோ இழுவை. எந்த ஆட்சி வந்தாலும் திறப்பு விழா நடத்துறது அனல்மின் நிலையத்துக்கு, அல்லது சோலாருக்கு. சேமிப்புக்கு ரிப்பன் வெட்ட யாருக்கும் ஆசையில்ல, ஏன்னா அதுல புதுசா ஒரு யூனிட் கூட உற்பத்தி ஆகாது, போட்ட கரண்ட்ல இருபது சதம் போல குறைஞ்சுதான் திரும்பி வரும், மேடையில பேச அது நல்லா இருக்காது.

நூல்மில்லு_கோவை:
சார் சொல்றது சரிதானுங்க, ஆனா ஒரு முக்கியமான பகுதியை விட்டுட்டாருங்க. 2008ல இருந்து 2012 வரைக்கும் எங்க பக்கம் என்ன நடந்துச்சுன்னு இப்ப இருக்கற பசங்களுக்குத் தெரியாது. கோயமுத்தூர், திருப்பூர்ல பத்து மணி நேரம் பன்னண்டு மணி நேரம் கரண்ட் கட்டுங்க. பவுண்டரி எல்லாம் மூடினாங்க, மில்லுக்காரங்க டீசல் ஜெனரேட்டர் வச்சு ஓட்டி கடனாளி ஆனாங்க. 2011ல ஆட்சி மாறினதுக்கு எங்க மாவட்டத்துல முதல் காரணம் கரண்ட்தானுங்க, மத்ததெல்லாம் அப்புறம். இதுல வேடிக்கை என்னன்னா, அப்பவும் ஆரல்வாய்மொழில காத்து அடிச்சிட்டுதான் இருந்துச்சு, அந்தக் காத்தாடில பெரும்பங்கு எங்க மில்லுகளோடதுதான், ஆனா அங்கிருந்து கரண்டை எடுத்துட்டு வர லைன் பத்தலைன்னு சீசன் நேரத்துலயே நிறுத்தச் சொல்லுவாங்க. இங்க இருட்டு, அங்க காத்தாடி பூட்டிக் கெடக்கும். வெளி மாநிலத்துல இருந்து வாங்கலாம்னா தெற்கு கிரிட் தனியா இருந்துச்சு, 2013 டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் போட்டதுக்கப்புறம்தான் நாட்டோட சேர்ந்தோம். அதுல ஒரு நல்லதும் இருந்துச்சு, 2012 ஜூலைல வடநாடு முழுக்க இருண்டப்ப நாம தப்பிச்சோம்.

அப்புறம் புகளூர். சத்தீஸ்கர் ராய்கர்ல இருந்து புகளூருக்கு 800 கேவி, 6,000 மெகாவாட் லைன் வந்துச்சுங்க. நாட்டுக்கு நல்ல விஷயந்தான், நமக்கு காத்து மிச்சமானா அந்தப்பக்கமும் அனுப்பலாம். ஆனா அந்த கோபுரம் நின்னது யார் தோட்டத்துல? 1885ல வெள்ளைக்காரன் போட்ட தந்தி சட்டத்தைக் காட்டி காட்டுக்குள்ள வந்து நட்டாங்க. லைனுக்குக் கீழ தென்னை வைக்க முடியாது, காட்டை அடமானம் வச்சா பேங்க்ல மதிப்பு பாதியாயிருது, கல்யாணத்துக்கு விக்கலாம்னா வாங்க ஆள் வர்றதில்ல. பசுமை மின்சாரம்னு பேசறவங்க ஒருத்தர்கூட இந்த நட்ட ஈட்டுக் கணக்கைப் பேசமாட்டாங்க. இனி வர்ற காத்தாலை சோலார் அத்தனைக்கும் லைன் வேணும், லைனுக்கு வாடகை மாதிரி வருஷா வருஷம் ஏதாச்சும் குடுத்தா எங்காளுங்களே கூப்பிட்டு நடச் சொல்லுவாங்க.

இன்னொண்ணு, ஆரல்வாய்மொழில 90கள்ல போட்ட 225, 250 கிலோவாட் காத்தாடி இன்னும் நிக்குதுங்க. நாட்டுலயே நல்ல காத்து அடிக்கிற இடத்தை அந்தக் குட்டி மெஷின் புடிச்சு வச்சிருக்கு. அதைக் கழட்டிட்டு இப்ப வர்ற 2, 3 மெகாவாட் மெஷின் வச்சா அதே நிலத்துல பல மடங்கு எடுக்கலாம். 2024ல கொள்கை ஒண்ணு கொண்டு வந்தாங்க, நிபந்தனையைப் படிச்சுட்டு பாதிப்பேர் பழசே போதும்னுட்டாங்க.

அத்திப்பட்டு_பையன்:
எல்லாரும் லைன், விலைன்னு பேசுறீங்க, எண்ணூர் பக்கம் ஒருதபா வந்து பாருங்க. வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் 1,500 மெகாவாட், அது பத்தாதுன்னு 2024 மார்ச்ல இன்னொரு 800 மெகாவாட் திறந்தாங்க. ஒடிசா தால்ச்சேர்ல தோண்டுன நிலக்கரி ரயில்ல பாரதீப் போயி, அங்கிருந்து கப்பல்ல எண்ணூருக்கு வந்து, கன்வேயர்ல உள்ள போகுது. எரிஞ்ச சாம்பல் எங்க போகுது தெரியுமா? தண்ணில கலந்து பைப்புல விடுறான், பைப்பு ஓட்டையாகி கொசஸ்தலை ஆத்துல ஊத்துது, இது ஒருநாள் ரெண்டுநாள் கதை இல்ல. முன்னாடி கழுத்தளவு தண்ணி இருந்த இடத்துல இப்ப முட்டி அளவுதான்னு எங்க தாத்தா சொல்வார், எறால் புடிச்சவன் எல்லாம் இப்ப கம்பெனி வாசல்ல கான்ட்ராக்ட் வேலைக்கு நிக்கிறான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப வெள்ளத்தோட மணலி பக்கத்துல இருந்து எண்ணெய் வேற வந்து முகத்துவாரம் பூரா கருப்பு.

மழை ஜாஸ்தியாகுது, கடல் சூடாகுதுன்னு ஒரு பக்கம் சொல்றாங்க, வெள்ளம் வடியுற கழிமுகத்தை சாம்பலால ரொப்புறது அதே அரசாங்கம். இதுக்கு "சேமிப்பு இல்ல, அதனால நிலக்கரி வேணும்"னு ஈபி சார் ஈசியா சொல்லிட்டார். அந்த சேமிப்பு வர்ற வரைக்கும் நாங்க என்ன பண்றது சார்?

அரசியல் எப்படி வேலை செய்யுதுன்னு இதை வச்சு பாருங்க. 2023 ஏப்ரல்ல டெல்டால நிலக்கரி எடுக்க ஏலம்னு வந்துச்சு, வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு. எல்லா கட்சியும் சட்டசபைல ஒண்ணா நின்னாங்க, ஒன்றிய அரசும் வாபஸ் வாங்குச்சு. நல்லது, சந்தோஷம். ஆனா அதே வருஷம் ஜூலைல வளையமாதேவில கதிர் விட்ட நெல்லு மேலயே ஜேசிபி ஏத்தி நெய்வேலி என்எல்சி நிலக்கரி கம்பெனிக்கு கால்வாய் வெட்டுனாங்க, போலீஸ் பாதுகாப்போட. சேத்தியாத்தோப்பும் வளையமாதேவியும் கடலூர் பக்கந்தான், ரெண்டும் நெல்லுதான். எண்ணூருக்கு டெல்டாவுக்குக் கிடைச்ச ஆதரவு கூட இல்ல, ஏன்னா இங்க நெல்லு வெளையல.

வேதாரண்யத்தான்:
நான் ஒண்ணு சொல்லவா, கரண்ட் எதுல தயாரிக்கிறாங்கங்கறது எங்களுக்கு ரெண்டாவது கவலைங்க. 2018 நவம்பர்ல கஜா வந்தப்ப ஒரே ராத்திரில ஒரு லட்சத்துக்கு மேல போஸ்ட் கம்பம் சாஞ்சுது. கூடங்குளமும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, நெய்வேலியும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, அதுல எங்களுக்கு என்ன பிரயோஜனம்? கேரளா, ஆந்திராவுல இருந்தெல்லாம் லைன்மேன் வந்து சேத்து வயல்ல கம்பத்தைத் தோள்ல தூக்கிட்டுப் போய் நட்டாங்க, அவங்களுக்கு சோறு போட்டது தென்னையெல்லாம் பறிகொடுத்த ஊர்க்காரங்க. கம்பம் வந்து சேர்ற வரைக்கும் குடிதண்ணி மோட்டாருக்கு ஜெனரேட்டரை மணிக்கணக்குல வாடகைக்கு எடுத்து ஓட்டினோம், அந்த வாடகை கேட்டா மயக்கம் வரும்.

2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுது. 95! ஒரு வருஷ மழை சார். ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட ஜனம் மாட்டிக்கிட்டு நின்னுச்சு. சப் ஸ்டேஷனுக்குள்ள தண்ணி, செல்போன் டவருக்கு கரண்ட் இல்ல, யாரு எங்க இருக்காங்கன்னே தெரியல. இனிமே புயல் மழை இப்படித்தான் வரும்னா கடலோரம் முழுக்க தரைக்கடில கேபிள் போடணும், தெருவோரம் கேபிள் பிரியுற பில்லர் பாக்ஸை ஆள் உயரத்துக்குத் தூக்கி வைக்கணும், சப் ஸ்டேஷனை பள்ளத்துல கட்டுறதை நிறுத்தணும். சில ஊர்ல போட்டிருக்காங்க, இல்லேங்கல. மத்த ஊர்ல ஒவ்வொரு புயலுக்கும் அதே கம்பத்தை அதே குழில நடுறாங்க. மெகாவாட் பத்தி பேச ஆயிரம் பேர் இருக்கீங்க, கம்பம் பத்தி பேச ஒருத்தரும் இல்ல.

வரிகட்டறவன்:
இவ்வளவு பேசியும் காசு எங்கன்னு யாரும் கேக்கல பாத்தீங்களா. மின்வாரியக் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டி ரொம்ப நாளாச்சு. விவசாயத்துக்கு இலவசம் 1990ல இருந்து, வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் 2016 மேல இருந்து. 2017ல மின்வாரியக் கடனைச் சீர் பண்ற ஒன்றிய அரசோட உதய் திட்டத்துல சேர்ந்தோம், 2022 செப்டம்பர்ல விலை ஏத்தினாங்க, அப்புறமும் ஏத்தினாங்க, 2024ல வாரியத்தை மூணா உடைச்சு பேர் மாத்தினாங்க. கேபிள், ட்ரான்ஸ்ஃபார்மர், குந்தா எல்லாத்துக்கும் பணம் வேணும். ஏசி வச்ச என் வீட்டுக்கும் முதல் 100 யூனிட் ஃப்ரீ, இது எந்த ஊர் நியாயம்? அவங்க சித்தப்பா சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு.

பழையஈபி:
வரிகட்டறவன் சார், விவசாயிக்குக் குடுக்கறது இலவசம்னாலும் அந்தக் காசை அரசாங்கம் வாரியத்துக்கு மானியமா தரணும், தர்ற தொகை பத்துதாங்கறது வேற சண்டை. என் கவலை விலையில இல்ல, நேரத்துல. பம்ப்செட் லோடை முழுக்க பகல் பத்து மணில இருந்து நாலு மணிக்குள்ள தள்ளினா, மத்தியானம் மிச்சமாகுற சோலார் அங்கயே தீர்ந்துரும், சாயந்தர லோடு இறங்கும், ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு பாம்புக்குப் பயந்து தண்ணி பாய்ச்ச போறவனுக்கும் நிம்மதி. இதுக்கு விவசாய ஃபீடரை, அதாவது சப் ஸ்டேஷன்ல இருந்து பம்ப்செட்டுக்குப் போற லைனை, தனியாப் பிரிக்கணும். பிரிச்சா மீட்டர் வச்சுருவாங்கன்னு சங்கத்துக்காரங்க பயப்படுறாங்க. அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்ல.

எண்ணூர் தம்பி கேட்டது நியாயம். புது யூனிட் திறந்தா பழைய யூனிட் எதை எந்த வருஷம் மூடுவாங்கன்னு அதே மேடையில சொல்லச் சொல்லுங்க, சாம்பல் பைப்பை மாத்தாம யூனிட்டை ஓட்ட விடக்கூடாது. இது ரெண்டுக்கும் சேமிப்பு வர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல.

குற்றாலச்சாரல்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். சித்தப்பாவுக்கு இதை அப்படியே அனுப்புறேன், படிப்பாரான்னு தெரியல. மாடில சோலார் போடறதுக்கு மட்டும் பதில் வரல அண்ணாச்சி. மூணு கிலோவாட்டுக்கு 78,000 மானியம்னு ஒருத்தர் வீட்டுக்கே வந்துட்டுப் போறார், போட்டா கரண்ட் கட்டே இருக்காதுங்கிறார்.

பழையஈபி:
மானியம் உண்மை, மத்ததை நம்பாதீங்க. மானியத்துல பெரும்பாலும் போடுறது பேட்டரி இல்லாத ஆன்கிரிட். ஈபி லைன்ல கரண்ட் போனா இன்வெர்ட்டர் தானா நின்னுரும், லைன்ல வேலை பாக்குறவன் ஷாக் அடிச்சு சாகக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்கு. பில் குறையும், ஆனா கட்டும் நிக்காது, ராத்திரி ஏழு மணி வோல்டேஜும் ஏறாது. கட்டுக்கு வேணும்னா ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தனியா போடணும், அந்தச் செலவை அந்த ஆளுகிட்ட எழுதிக் கேளுங்க. அதுக்கு முன்னாடி தெருக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு உங்க ஈபி செக்‌ஷன் ஏஇகிட்ட (உதவிப் பொறியாளர்) ஒரு மனு குடுங்க. ட்ரான்ஸ்ஃபார்மர் மேல எழுதியிருக்கற நம்பர், எத்தனை வீட்டுல ஏசி இருக்கு, ராத்திரி எட்டு மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு காட்டுதுன்னு ஒரு வாரம் குறிச்சு அதோட வச்சுக் குடுங்க, எஸ்டிமேட் போட அவருக்கு அதான் வேணும். நகல்ல தேதியோட சீல் வாங்காம வெளிய வராதீங்க.