சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு சீட் துணி எடுத்த அனுபவம்

கிட் வாங்கி விமானம் கட்டுகிறவர்கள் என்ஜினைப் பற்றியும் ரிவெட் அடிப்பதைப் பற்றியும் மாதக்கணக்கில் படிக்கிறார்கள், ஆனால் சீட் உறை என்று வந்தால் நிறத்தைப் பார்த்து ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். நான் டெக்சாஸில் கட்டுவது வேன்ஸ் ஆர்வி-9ஏ, இரண்டு பேர் அருகருகே உட்காரும் சின்ன அலுமினிய விமானம். உங்களுக்கு நேர்ந்ததையும் கீழே எழுதுங்கள்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் அமெச்சூர் கட்டுமானமாகப் பதிவாகும் விமானத்துக்கு, தொழிற்சாலை விமானங்களுக்கு இருக்கும் உள்ளலங்காரத் தீ விதிகள் பொருந்தாது. சாக்குத் துணியைப் போட்டுத் தைத்தாலும் சட்டப்படி யாரும் தடுக்க முடியாது. பலர் இதைச் சுதந்திரம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் இந்த விமானத்தில் இரண்டு இறக்கைகளிலிருந்தும் வரும் பெட்ரோல் குழாய்கள் காக்பிட்டுக்குள் வந்து, நம் இரண்டு சீட்டுக்கும் நடுவே இருக்கும் செலக்டர் வால்வில்தான் (எந்த டாங்கிலிருந்து பெட்ரோல் எடுப்பது என்று மாற்றும் திருகு) சேர்கின்றன. அதைத் தொட்டுக்கொண்டு உட்காரும் துணி எது என்பதை யாரும் சோதிக்கப் போவதில்லை என்றால் நாம்தான் சோதிக்க வேண்டும்.

கார் சீட் தைக்கும் ஒரு கடைக்குப் போனேன். வேலை சுத்தமானவர், தையல் அவ்வளவு அழகு. ஒரு ரெக்ஸினை எடுத்துக் காட்டி, "இது தீப்பிடிக்காது, சர்டிஃபிகேட் இருக்கிறது" என்றார். வாங்கிப் பார்த்தால் எஃப்எம்விஎஸ்எஸ் 302 என்று போட்டிருந்தது. கார்களுக்கான விதி அது. துணியைப் படுக்கை வாட்டில் வைத்து ஒரு முனையில் தீ வைப்பார்கள், தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் ஓடாமல் இருந்தால் போதும், பாஸ். அதாவது மெதுவாக எரிந்துகொண்டே இருக்கலாம், அணைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காரில் ஓரங்கட்டி இறங்கிவிடலாம் என்பதால் அது போதும். 5,000 அடியிலிருந்து எவ்வளவு செங்குத்தாக இறக்கினாலும் தரைக்கு வரச் சில நிமிடம் ஆகும், அந்த நேரம் முழுக்க நாம் அந்தத் துணி மேல்தான் உட்கார்ந்திருப்போம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த உலகம் கார் உலகம்.

பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதி, எண் 25.853, வேறு மாதிரி. துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அடியில் 12 விநாடி நெருப்பு காட்டுவார்கள். நெருப்பை எடுத்த பிறகு 15 விநாடிக்குள் தானாக அணைய வேண்டும், எரிந்த நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, உருகிச் சொட்டுவது கீழே விழுந்து 5 விநாடிக்கு மேல் எரியக் கூடாது. சீட் மெத்தைக்கு இதற்கு மேலும் கடுமையான எண்ணெய் பர்னர் சோதனை 1984-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஏர் கனடா 797 தீப்பிடித்த நிலையில் சின்சினாட்டியில் இறங்கியது. விமானம் தரையில் பத்திரமாக நின்ற பிறகும் 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை.

நான் மாதிரித் துண்டுகளை 3 அங்குல அகலம், 12 அங்குல நீளமாக வெட்டி, காற்றில்லாத காலையில் ஹேங்கருக்கு வெளியே கான்கிரீட் தரையில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு எரித்துப் பார்த்தேன். பக்கத்தில் வாளித் தண்ணீர், கையில் நீளமான இடுக்கி. (புகையின் பக்கம் நிற்காதீர்கள். ரெக்ஸினிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடும், பாலியூரித்தேன் ஃபோமிலிருந்து சயனைடு வாயுவும் வரும்.) ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது, ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

வெல்வெட் மாதிரி இருந்த பாலியஸ்டர் துணி சுருங்கி, உருகி, எரிகிற சொட்டாகவே விழுந்தது. தரையில் விழுந்த பிறகும் எரிந்தது. அது தொடை மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்த பிறகு அந்தத் துணியை மறுபடி கையில் எடுக்கவில்லை. ரெக்ஸினின் மேல்பக்கம் கொஞ்சம் தாக்குப்பிடித்தது, ஆனால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் துணி பற்றிக்கொண்டு தீயை மேலே ஏற்றியது. அப்படி ஒரு கறுப்புப் புகை. தோல் சுருண்டு கருகியது, எளிதில் பற்றவில்லை. விமானத்துக்கென்று நெய்த கம்பளி-நைலான் துணிதான் ஆச்சரியம்: தலைமுடி பொசுங்குகிற நாற்றம் அடித்தது, நெருப்பை விலக்கியதும் கரித் தடம் மட்டும் நின்றது, சொட்டவே இல்லை.

அதோடு முடித்திருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும். மடிப்பு வைத்துத் தைப்பதற்காகத் துணிக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் ஒன்றை ஸ்ப்ரே பசையால் ஒட்டுவார்கள், எல்லாக் கடையிலும் வழக்கம். அதே கம்பளித் துணியை அந்த ஃபோமோடு ஒட்டி, பசை நன்றாகக் காய்ந்த பிறகு எரித்தேன். பின்பக்கத்திலிருந்து தீ கிடுகிடுவென்று ஏறியது. தனியாக வைத்தபோது அணைந்த அதே துணி! ஆகவே துணியின் சர்டிஃபிகேட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். துணி, பின் ஃபோம், பசை, நூல், அடி மெத்தை, இவ்வளவும் சேர்ந்ததுதான் சீட். தைக்கிறவரிடம் உங்கள் ஃபோமையும் பசையையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், ஒன்றும் தவறாக நினைக்க மாட்டார்.

கடைசியில் எடுத்தது இது: உட்காரும் இடத்திலும் முதுகுப் பக்கத்திலும் கம்பளி-நைலான், ஏறி இறங்கும்போது உரசுகிற ஓரங்களில் மட்டும் தோல். முழுக்கத் தோல் போடாததற்கு எடை ஒரு காரணம், சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும், கம்பளி அதில் பாதிதான். இன்னொரு காரணம் டெக்சாஸ் வெயில். கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும் இந்தக் கேனோபிக்குக் கீழே ஜூலை மதியத்தில் கறுப்புத் தோலில் உட்கார்ந்து பாருங்கள், புரியும்.

அடி மெத்தைக்கு கான்ஃபர் ஃபோம். நாசாவின் ஏம்ஸ் மையத்துக்காக 1966-இல் உருவான டெம்பர் ஃபோம் வகையைச் சேர்ந்தது. மெதுவாக அமுங்கும், ஸ்பிரிங் மாதிரி திருப்பி எறியாது. தரையில் மோதும்போது சாதாரணப் பஞ்சுமெத்தை முழுக்க அமுங்கி, அதற்குள் சீட் நின்றுவிட, உடம்பு தனி வேகத்தில் போய் அதன்மேல் இடிக்கும், இடி முழுக்க இடுப்பு எலும்புக்குத்தான். சான்றிதழ் பெறும் விமானங்களின் சீட் சோதனையில் கீழ் முதுகெலும்பின் மேல் 1,500 பவுண்டுக்கு அதிகமான அழுத்தம் வரக் கூடாது என்று வைத்திருப்பது சும்மா இல்லை. கெட்டித்தன்மைக்கு ஒரு நிறமாக வரும் இந்த ஃபோமில் கெட்டியான பச்சை அடியில், நடுத்தர நீலம் அதன் மேல், மிருதுவான பிங்க் உச்சியில், இதுதான் நான் அடுக்கிய வரிசை.

*

அருமையான பதிவு சார். நான் கனடாவில் எட்மன்டனில் இருக்கிறேன், உங்கள் பிரச்சினைக்கு நேர் எதிர்ப்பக்கம். நண்பரின் ஆர்வி-7-இல் ஜனவரி காலை ஒன்றில் ஏறினேன். அவரும் கான்ஃபர்தான் போட்டிருக்கிறார், உட்கார்ந்தால் பலகை! அந்த ஃபோம் குளிரில் இறுகிவிடும், உடம்புச் சூடு ஏற ஏறத்தான் இளகும். இளகிய பிறகு இரண்டு மணி நேரம் பறந்தும் இடுப்பு வலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே எப்படியும் என்ஜினைப் புறப்படுமுன் ஹீட்டர் வைத்துச் சூடாக்குவோம், கூடவே கேபினுக்குள்ளும் ஒரு சின்ன ஹீட்டர் வைத்துவிட்டால் தீர்ந்தது. மேலே அசல் ஆட்டுத்தோல் உறை போட்டிருக்கிறார், ரோமம் உள்ளதே. குளிரிலும் சில்லென்று இல்லை, கோடையில் வியர்வையும் தேங்காதாம். செயற்கை ரோமம் போட்டதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், அது அக்ரிலிக்கோ பாலியஸ்டரோ, நன்றாகவே எரியும்.

*

தீயைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள், நான் ஸ்டிக்கைப் பற்றி, அதாவது கால்களுக்கு நடுவே இருக்கும், விமானத்தை ஓட்டும் கைப்பிடித் தண்டைப் பற்றிச் சொல்கிறேன். என்னுடையது மேல்நோக்கித் திறக்கும் கேனோபி உள்ள ஆர்வி-7. மெத்தை தைத்து வந்ததும் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சங்கமான ஈஏஏ-வின் எங்கள் கிளையிலிருந்து டெக்னிக்கல் கவுன்சிலர், அதாவது கட்டும் வேலையைப் பார்த்து ஆலோசனை சொல்பவர், வந்து பார்த்தார். துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னார், பெல்ட்டை இறுக்கச் சொன்னார், பக்கத்து சீட்டில் கனமான ஒருவரை உட்கார வைத்தார், பிறகு ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்து இடமும் வலமும் தள்ளச் சொன்னார். மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டர், அதன் கடைசி எல்லையான ஸ்டாப்பைத் தொடவில்லை. வெளியே போய் வாலைப் பார்த்தால் ஒரு விரற்கடை பாக்கி. சீட்டின் முன் நுனியில் அழகுக்காகக் கூட்டியிருந்த திண்டில் ஸ்டிக் முட்டிக்கொண்டு நின்றது. இறங்கும்போது மூக்கைத் தூக்க வேண்டிய கடைசி நொடியில்தான் அந்த ஒரு விரற்கடை தேவைப்படும். தைத்தவரிடம் திருப்பிக் கொடுத்து நடுவில் ஆழமாக வெட்டு வைத்த பிறகு சரியானது. தலைக்கும் கேனோபிக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் அப்போதே அளந்துவிடுங்கள், உயரமானவர்களுக்கு ஒரு அங்குல ஃபோம் பெரிய விஷயம்.

இன்னும் இரண்டு. இந்த வகைக் கேனோபியை மழையில் திறந்தால் தண்ணீர் நேராக சீட்டில்தான் விழும், கான்ஃபர் அதைக் குடித்துவிட்டுக் காயவே காயாது. அடியில் தண்ணீர் ஏறாத மூடுகண் ஃபோம் ஒரு தகடு போட்டு, உறைக்கு ஜிப் வைத்துவிட்டால் கழற்றி உலர்த்தலாம். ஆண்டு பரிசோதனைக்குத் தரைத் தகடுகளைக் கழற்றும்போதும் மெத்தை வெல்க்ரோவில் இருந்தால் ஒரு நிமிட வேலை. நூல் பருத்தியாக இருக்கக் கூடாது, ஈரத்தில் இற்றுவிடும். நைலான் நூல் வெயிலில் போய்விடும். பாண்டட் பாலியஸ்டர் (இழை பிரியாதபடி பிசின் பூசிய நூல்) கேட்டு வாங்குங்கள்.

*

முதல் பதிவு எழுதியவன்தான். ஸ்டிக் விஷயத்துக்கு மிக்க நன்றி, என் சீட்டின் முன் நுனியை இந்த வாரமே அளந்து பார்க்கிறேன். ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், சீட்டை எப்போது தைப்பது என்று. கட்டி முடித்த விமானத்தை எடை போடும் நாளுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். மெத்தை இல்லாமல் எடை போட்டால், பிறகு அதன் எடையையும் இருக்கும் இடத்தையும் சேர்த்து எடை மையக் கணக்கைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். துணியின் சர்டிஃபிகேட்டையும், மிச்சமான துணியில் ஒரு முழத்தையும் விமானத்தின் பதிவேட்டோடு வைத்துவிடுங்கள். நாளைக்கு ஒட்டுப் போடவும் ஆகும், விமானத்தை வாங்க வருகிறவர் கேட்டால் அதிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எரித்துக் காட்டவும் ஆகும்.