ஓவியங்களோடு வரும் சிறப்புப் பதிப்புகள்: சேகரிக்கலாமா, வேண்டாமா?

பக்கம்புரட்டி:
செவ்வியல் நாவல்களின் ஓவியப் பதிப்புகளைச் சேர்ப்பது வெறும் ஆடம்பரம் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கில எழுத்தாளர் தாக்கரேயின் ‘வேனிட்டி ஃபேர்’ நாவலைப் பாருங்கள். 1847-48இல் மாதப் பகுதிகளாக வந்தபோது படங்களையும் அவரே வரைந்தார். கடைசியில் ஜோஸ் செட்லி என்ற பாத்திரம் இறந்துபோகிறான். நாயகி பெக்கிதான் கொன்றாளா? எழுத்தில் அதற்கு நேரான பதில் கிடையாது. ஆனால் படத்தில் அவள் திரைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறாள். படத்தின் கீழே கிளைடெம்னெஸ்ட்ராவின் பெயர் இருக்கிறது, கணவனைக் கொன்ற அந்தக் கிரேக்கத்து அரசியின் பெயர்! படங்களை நீக்கிய மலிவுப் பதிப்பைப் படித்தவருக்கு நாவலில் ஒரு பகுதியே கிடைக்கவில்லை என்பேன்.

எழுதாக்கிளி:
அது எழுத்தாளரே வரைந்தது, அதனால் பொருந்துகிறது. நீங்கள் அலமாரியில் அடுக்கும் பெரும்பாலான சிறப்புப் பதிப்புகள் அப்படியா? ஆசிரியர் மறைந்து பல காலம் கழித்து யாரோ ஒருவரை வைத்து வரையச் சொல்லி வெளியிடுகிறார்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் தான் உயிரோடு இருக்கும்வரை தன் நாவல்களில் படம் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். எழுத்தில் வரும் பெண் வாசகர் மனதில் ஆயிரம் பெண்களாக விரிவாள், வரைந்துவிட்டால் ஒரே ஒருத்தியாகச் சுருங்கிவிடுவாள் என்பது அவர் வாதம். காஃப்காவும், ஒருவன் பூச்சியாக மாறிவிடும் தன் ‘உருமாற்றம்’ கதை நூலாக வெளிவரும் முன் 1915இல் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார்: அந்தப் பூச்சியை வரையவே வேண்டாம், தூரத்தில்கூடக் காட்ட வேண்டாம் என்று. எழுதியவர்கள் கெஞ்சிக் கேட்டதை மீறிவிட்டு அதற்குத் தோல் அட்டையும் போட்டால் அது நாவலுக்குச் செய்யும் மரியாதையா?

தாளோசை:
இருவருமே படத்தை மட்டும் பேசுகிறீர்கள். புத்தகம் என்ற பொருளைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். 1865இல் லூயிஸ் கரோலின் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ முதலில் அச்சானபோது, படங்கள் சரியாக விழவில்லை என்று ஓவியர் டென்னியல் வருந்தினார். உடனே அச்சிட்ட 2,000 பிரதிகளையும் ஒதுக்கிவிட்டு மறுபடி அச்சிட்டார்கள். மரச்செதுக்கு ஓவியத்தில் மயிரிழைக் கோடுகள்தான் எல்லாமே. மலிவுத் தாளில் மை பரவினால் அவை ஒன்றோடொன்று ஒட்டி வெறும் கறுப்புத் திட்டாகிவிடும். நல்ல தாள், நல்ல அச்சு, நூல் தையல் ஆகியவற்றுக்குத்தான் பணம் கொடுக்கிறோம். தைத்த புத்தகத்தை மேசையில் வைத்தால் பெரும்பாலும் விரிந்தபடி கிடக்கும். பசையில் மட்டும் நிற்கும் புத்தகம் சில முறை விரித்ததும் முதுகு வெடித்துப் பக்கம் உதிர்கிறது. தங்க முலாம் ஓரம், பட்டு நாடா இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை.

எழுதாக்கிளி:
தாளும் தையலும் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலை அதனால் மட்டுமா ஏறுகிறது? 1935இல் அமெரிக்காவின் லிமிடெட் எடிஷன்ஸ் கிளப் என்ற பதிப்பு நிறுவனம் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ நாவலை 1,500 பிரதி வெளியிட்டது. அவற்றில் படம் வரைந்த பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் கையெழுத்து இருந்தது, 250இல் ஜாய்ஸும் கையெழுத்திட்டார். மத்தீஸோ நாவலின் காட்சிகளை விட்டுவிட்டு ஹோமரின் பழங்கிரேக்கக் காவியமான ஒடிசியிலிருந்து வரைந்து கொடுத்திருந்தார். நாவலுக்கும் படத்துக்கும் அவ்வளவுதான் உறவு! இன்றும் அதைத் தேடுகிறார்கள் என்றால், இரண்டு கையெழுத்துக்காகவும் பிரதியில் போட்ட வரிசை எண்ணுக்காகவும்தான். படிக்கும் ஆசை அங்கே எங்கே இருக்கிறது?

பக்கம்புரட்டி:
மோசமான உதாரணத்தை வைத்து மொத்தத்தையும் தள்ளாதீர்கள், நண்பரே. மெல்வில் எழுதி, ராக்வெல் கென்ட் படம் வரைந்த ‘மோபி டிக்’ நாவல் 1930இல் மூன்று தொகுதிகளாக, அலுமினியப் பெட்டியில், 1,000 பிரதிகள் வந்தது. அதே ஆண்டு அதே படங்களோடு சாதாரண ஒற்றைத் தொகுதியும் வந்து ஏராளமான வாசகர்களை அடைந்தது. மெல்வில் இறந்தபோது ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தவர். அவரைப் பொதுவாசகரிடம் கொண்டுவந்ததில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. செலவு செய்து உருவாக்கிய சிறப்புப் பதிப்பு இல்லையென்றால் மலிவுப் பதிப்புக்கு அந்த ஓவியங்கள் எங்கிருந்து வந்திருக்கும்?

எழுதாக்கிளி:
அந்த மலிவுப் பதிப்பின் அட்டையில் கென்ட் பெயர் இருந்தது, மெல்வில் பெயரே இல்லை. நான் அஞ்சுவது இதைத்தான்.

நிழல்மரம்:
இடையில் ஒரு வார்த்தை. வாங்கியவர்கள் தயவுசெய்து வெயில் படாத இடத்தில் வையுங்கள், முதுகுத் துணி சீக்கிரம் வெளுத்துவிடும். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலேயே வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிரித்துப் படியுங்கள். தாளோ தையலோ ஓவியமோ, பிரிக்காதவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

பக்கம்புரட்டி:
நிழல்மரம் சொன்னதற்கு முழு ஆதரவு. எழுதாக்கிளி, காஃப்கா விஷயத்துக்கு வருகிறேன். அவர் கேட்டபடியே அட்டை வந்தது: கைகளால் முகத்தை மூடியபடி ஒருவன், அவனுக்குப் பின்னால் பாதி திறந்த கதவு, உள்ளே இருட்டு. பூச்சி எங்குமே இல்லை. எதை வரையக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் ஓவியரின் வேலைதான். அப்படி வரைந்த பதிப்புகளைத்தான் நான் தேடித் தேடிச் சேர்க்கிறேன்.

எழுதாக்கிளி:
அது அட்டை. அங்கே ஒரு படத்தோடு நின்றார்கள். உள்ளே இருபது படம் போட்டிருந்தால் எத்தனை பக்கம்வரை அந்தக் கதவு பாதி மூடியே இருந்திருக்கும்?