புதுப்பிப்பு: பாப்-அப் ஹெட்லைட் மட்டமும் மோட்டார் இரைச்சலும்

என் காரில் பாப்-அப் ஹெட்லைட், அதாவது தேவைப்படும்போது மட்டும் மேலே எழுந்து மற்ற நேரம் பானட்டுக்குள் மடங்கும் விளக்கு. இடது ஹெட்லைட் மூடிய பிறகும் அதன் மூடி பானட்டுக்கு மேல் 4 மி.மீ. துருத்தி நிற்பதையும், விளக்கு முழுசாக எழுந்த பின்னும் மோட்டார் உறுமுவதையும் முன்பு எழுதியிருந்தேன். இரண்டும் சரியாகிவிட்டன.

மோட்டாரில் பழுதே இல்லை. மோட்டார் சுற்றும் கிராங்க் கை (விளக்கை ஏற்றி இறக்கும் நெம்பு) அரைச்சுற்று முடித்ததும் உள்ளே உள்ள கான்டாக்ட் தட்டு கரண்டைத் துண்டிக்க வேண்டும். விளக்கு எழும் உயரத்துக்கு எல்லை வைக்கும் மேல் ஸ்டாப்பர் திருகு முன்கூட்டியே முட்டியதால் கிராங்க் கை அந்த இடத்தை எட்டவில்லை. கரண்ட் ஓடிக்கொண்டே இருந்தது. இப்படியே விட்டால் ஃபியூஸ் போகும், கொஞ்ச நாளில் மோட்டாரே கருகும்.

கை வைக்கும் முன் ஹெட்லைட் மோட்டார் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். அந்த மோட்டார் விரலைப் பார்த்து நிற்காது. முதல் தலைமுறை மஸ்டா மியாட்டா காரில் மோட்டாரின் ரப்பர் மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் குமிழைக் கையாலேயே சுற்றி விளக்கை ஏற்றி இறக்கலாம்.

ஸ்டாப்பர் திருகை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தி ஸ்டாப்பரைக் கால் கால் சுற்றாகப் பின்வாங்கினேன். கிராங்க் கை அரைச்சுற்றை முடிக்க வேண்டும், எழுந்த விளக்கை விரலால் அழுத்தினால் ஆடவும் கூடாது. ஆடினால் கீலில் உள்ள புஷ் (உள்வளையம்) தேய்ந்திருக்கிறதா பாருங்கள். மூடி துருத்துவதற்கு, கிராங்க் கையையும் விளக்கையும் இணைக்கும் தண்டின் நீளத்தை மாற்றினால் போதும்.

ஒளிக்கற்றையைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஸ்டாப்பர் நகர்ந்தால் அதுவும் நகரும். 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில், டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 5 செ.மீ. கீழே விழுமாறு வைத்திருக்கிறேன்.