தேடினால் நம் தளம் வரவில்லையா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அரைத்தூக்கம்

தளம் திறந்து ஆறு வாரம். பக்க முகவரிகளை அடுக்கிய சைட்மேப் கோப்பைக் கொடுத்தாயிற்று, தளம் வைத்திருப்பவர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் உரிமைச் சரிபார்ப்பும் முடிந்தது. கூகுளில் 'சைட்' போட்டு முகவரியைத் தட்டினால் ஒரு பக்கம்கூட இல்லை. "புதுத் தளம்தானே, கொஞ்ச நாள் ஆகும்" என்று வாடிக்கையாளரிடம் மூன்று முறை சொல்லியிருப்பேன். அதுவும் எவ்வளவு தைரியமாக!

ஒரு நாள் இரவு வேறு எதற்கோ, பக்கத்தின் பின்னால் இருக்கும் நிரலைக் காட்டும் வியூ சோர்ஸ் போட்டேன். மேலிருந்து ஒன்பதாவது வரியில் 'நோஇண்டெக்ஸ்' உட்கார்ந்திருக்கிறது, அதாவது இந்தப் பக்கத்தைத் தேடலில் சேர்க்காதே என்ற கட்டளை. தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் தேடுபொறிகள் வரவேண்டாம் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் டிக். அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக்கூடாதென்று அதைப் போட்டதே நான்தான். எடுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் முகப்பு வந்தது. "நீங்கள் சொன்ன மாதிரியே கொஞ்ச நாளில் வந்துவிட்டதே" என்று வாடிக்கையாளர் நன்றி சொன்னார். அந்த நன்றிதான் இன்னும் உறுத்துகிறது.

பழைய சர்வர்

உங்களுக்கு வரவேண்டியது வரவில்லை. எனக்கு வரக்கூடாதது வந்தது. உள்ளுக்குள் மட்டும் பார்க்கவேண்டிய விலைப்பட்டியல். தேடுபொறிகள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடை போட்டேன், போதாதென்று பக்கத்திலும் நோஇண்டெக்ஸ். இரட்டைப் பூட்டு என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு கூட்டத்தில், பெரிய திரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மேலாளர் எங்கள் நிறுவனப் பெயரைத் தேடினார். மூன்றாவதாக அந்த முகவரி. கீழே, இந்தப் பக்கத்துக்கு விவரம் இல்லை என்று ஒரு வரி. அறையே அமைதி.

தடை இருந்ததால், பக்கங்களைப் படித்துப்போகும் தேடுபொறியின் நிரலான போட் உள்ளே வரவில்லை. உள்ளே வராததால் நோஇண்டெக்ஸைப் படிக்கவே இல்லை. வெளியே யாரோ கொடுத்திருந்த இணைப்பை வைத்து முகவரியை மட்டும் சேர்த்துக்கொண்டது. தடையை எடுத்த பிறகுதான் பக்கம் மறைந்தது. மறைப்பதற்காகத் திறந்துவிட்டேன் என்பதை மேலாளருக்கு விளக்கியது தனிக் கதை.

இணைப்புத்தேடி

பழைய சர்வர், தப்பு அங்கே இல்லை. விலைப்பட்டியலைக் கடவுச்சொல் இல்லாமல் விட்டதுதான் தப்பு. ரோபாட்ஸ் கோப்பைப் போய் யாராவது பூட்டு என்பார்களா? 1994-ல் வந்த மரியாதை ஏற்பாடு அது. 2022-ல் ஆர்எஃப்சி 9309 என்ற ஆவணத்தில் முறையான இணையத் தரமாக எழுதியபோதும், இது அணுகல் அனுமதி முறை அல்ல என்று அதிலேயே சொல்லிவிட்டார்கள். போதாததற்கு அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். எதை மறைக்கிறீர்கள் என்று நீங்களே பட்டியல் ஒட்டி வைத்த மாதிரி.

என் கதை சின்னது. நாற்பது பக்கத் தளம், முகவரி எல்லாம் ஹேஷ் (#) குறியோடு. தேடலில் வந்தது ஒன்றே ஒன்று. ஹேஷுக்குப் பின்னால் இருப்பதைத் தனிப் பக்கமாக எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு சைட்மேப் கோப்புக்கு 50,000 முகவரிகள், 50 எம்பி, அதுதான் வரம்பு. அதில் எந்தப் பக்கம் முக்கியம் என்று காட்ட 'பிரையாரிட்டி' என்று எண் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், கூகுள் அதைப் பார்ப்பதே இல்லை. பக்கம் கடைசியாக எப்போது மாறியது என்ற 'லாஸ்ட்மாட்' தேதியைப் பார்க்கும், உண்மையாக இருந்தால். எதையும் மாற்றாமல் தினமும் தேதியை மட்டும் புதுப்பித்தால் அதையும் நம்பாது. ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் எழுதும் பழைய தந்திரம் 2019 செப்டம்பர் 1 முதல் கூகுளிடம் செல்லாது. பிடிஎஃப்பை மறைக்க வேண்டுமானால் சர்வர் கோப்போடு சேர்த்து அனுப்பும் ஹெடர் தகவலில் எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக் என்ற வரியில் நோஇண்டெக்ஸ் வையுங்கள். அப்புறம், உள்ளிணைப்பு. எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத பக்கத்தைச் சைட்மேப்பில் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஓரமாக நிற்பவர்

அரைத்தூக்கம், ஐந்து நாளில் வந்ததா? கொடுத்து வைத்தவர். என் தளத்தில் நோஇண்டெக்ஸும் இல்லை, தடையும் இல்லை. பன்னிரண்டு கட்டுரைகள். பன்னிரண்டுக்கும் சர்ச் கன்சோலில் 'கிரால் செய்தாயிற்று, இப்போதைக்கு இண்டெக்ஸில் இல்லை' என்ற அதே பதில். அதாவது வந்து படித்துவிட்டுத்தான் வேண்டாமென்று போயிருக்கிறது. வராமலே இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இண்டெக்ஸ் கோரும் பொத்தானை தினமும் அமுக்கினேன். திரும்பத் திரும்பக் கேட்டால் வேகம் கூடாது என்று உதவிப் பக்கத்திலேயே இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

என் தளத்திலிருந்து தேடலில் வருவது ஒரே பக்கம். 'சோதனை 2'. தளத்தின் தோற்றத்தை (தீம்) மாற்றியபோது எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்க்கப் போட்டு, அழிக்க மறந்தது.

இணைப்புத்தேடி

கட்டுரைகள் மற்ற தளங்களில் இருப்பதையே சொல்கின்றனவா என்று பாருங்கள். எது மூலப் பக்கம் என்று சொல்லும் கேனானிக்கல் குறி எங்கே காட்டுகிறது என்றும்...

ஓரமாக நிற்பவர்

பார்த்தாயிற்று ஐயா. எல்லாம் பார்த்தாயிற்று. 'சோதனை 2'-ஐ அழித்துவிடலாமா என்று மட்டும் யோசிக்கிறேன்.

அரைத்தூக்கம்

ஐயோ, அழிக்காதீர்கள். அதிலிருந்து பன்னிரண்டு கட்டுரைக்கும் இணைப்பு கொடுங்கள்.