வாசகசாலையில் கிதார் மாலை: எட்டு ஆல்பம், எதை எடுக்கலாம், எதை விடலாம்?

கொழிஞ்சாம்பாறை_காது

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் வாசகசாலையில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு ஆல்பம்னு எட்டு வாரம் கிதார் இசை கேக்கலாம்னு முடிவாயிருக்குங்க. வர்றவங்கள்ல பாதிப்பேர் கச்சேரி கேட்டே வளந்தவங்க. செம்பையும் பாலக்காடு மணி ஐயரும் இந்தச் சுத்துவட்டாரம்தானுங்களே. மீதிப்பேர் பாலக்காட்டுலயும் கோயமுத்தூர்லயும் படிக்கற பசங்க. அதுல ரெண்டு மூணு பேர் எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பாங்க, ஆல்பம் முடிஞ்சதும் கொஞ்சம் கூடவே வாசிச்சுக் காட்டறோம்னு சொல்றாங்க.

பாட்டு பாட்டாப் பொறுக்கிப் போடறதில்லை. முழு ஆல்பம், ஆனா ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இப்போதைக்கு என் பட்டியல்: ஹெண்ட்ரிக்ஸோட ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ (1968), பிங்க் ஃபிளாய்டோட ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ (1973), ஜெஃப் பெக்கோட ‘ப்ளோ பை ப்ளோ’ (1975), ‘வான் ஹேலன்’ முதல் ஆல்பம் (1978), பாக்கோ தெ லூசியா, அல் டி மியோலா, ஜான் மெக்லாஃப்லின் மூணு பேரும் வாசிச்ச ‘ஃப்ரைடே நைட் இன் சான் பிரான்சிஸ்கோ’ (1981), ஜோ சாட்ரியானியோட ‘சர்ஃபிங் வித் தி ஏலியன்’ (1987), ஸ்டீவ் வாயோட ‘பேஷன் அண்ட் வார்ஃபேர்’ (1990). எட்டாவது இடம் காலி.

எதைத் தூக்கணும், எதைச் சேக்கணும், எந்த வரிசையில போடணும்? ஹால் 30 அடிக்கு 20 அடி, சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை. ரெண்டு ஸ்பீக்கர், ஒரு ஸ்டீரியோ ஆம்ப், ஒரு லேப்டாப் இருக்கு. வேற எதுல கவனமா இருக்கணும்னும் சொல்லுங்க.

நகரி_தந்தி

பட்டியலில் உள்ளவை எல்லாமே நல்ல ஆல்பங்கள். ஆனால் ஏழில் ஐந்து வேகக் கிதார். கச்சேரிக் காதுக்காரர்கள் மூன்றாம் வாரமே வீட்டில் இருந்துவிடுவார்கள். அவர்கள் தேடுவது ஸ்வரங்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதை. அதைக் காட்டும் ஆல்பங்கள் முன்னால் வரட்டும்.

‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ உங்கள் நிபந்தனைக்கே பொருந்தாது. அது இரட்டை எல்பி, 75 நிமிடம். அதற்குப் பதில் ‘ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்’ (1967). நாற்பது நிமிடத்துக்குள் முடியும். ‘லிட்டில் விங்’ அதில்தான் இருக்கிறது. ஒரே கையில் கட்டைவிரல் பேஸ் தந்தியைப் பிடிக்க, மற்ற விரல்கள் கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) அதன் மேல் சின்னச் சின்ன மெட்டையும் சேர்த்து வாசிக்கும் முறை அது. ரிதம் கிதார், லீட் கிதார் என்ற பிரிவே அங்கே கிடையாது.

‘டார்க் சைட்’ கிதார் ஆல்பமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. கிதாரை எடுத்துவிட்டால் ஆல்பம் நிற்குமா? பெரும்பாலும் நிற்கும். அதை விட்டுவிடுங்கள்.

என் முதல் வாரம் ‘சக்தி வித் ஜான் மெக்லாஃப்லின்’. 1975இல் மேடையில் பதிவாகி 1976இல் வந்தது. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம். மெக்லாஃப்லின் கையில் இருந்தது சாதாரணக் கிதார் அல்ல. ஒலித்துளைக்கு மேல் குறுக்காக ஏழு தந்திகள் தனியாக ஓடும், வீணையின் பக்கசாரணி போலச் சுருதி கொடுக்க. ஃப்ரெட்டுகளுக்கு, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளுக்கு, நடுவே மரத்தைக் குடைந்திருப்பார்கள். வீணையில் மெழுகின் மேல் மெட்டு உயர்ந்து நிற்பதால் விரல் கட்டையைத் தொடாமல் தந்தியை இழுக்க இடம் கிடைக்கிறது அல்லவா, அதே வழி. அதனால்தான் அவருக்குக் கமகம் வசப்படுகிறது.

இன்னொன்று, வெஸ் மான்ட்கோமரியின் ‘தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிதார்’ (1960). பிக் (மீட்டும் வில்லை) கிடையாது, வெறும் கட்டைவிரல், அதனால் மீட்டின் கூர்மை மழுங்கி ஒலி உருண்டு வரும். சோலோவை முதலில் ஒற்றை ஸ்வரமாக எடுப்பார், பிறகு அதே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து, கடைசியில் முழு கார்டுகளாக. படிப்படியாக வளர்வது கச்சேரிக்காரர்களுக்கு உடனே பிடிபடும்.

மார்த்தாண்டம்_மெட்டு

நகரி அண்ணன் சொன்னதுல பாதி சரி. ஆனா ‘சக்தி’யை முதல் வாரம் வைக்காதீங்க. முதல் உருப்படி ‘ஜாய்’ 18 நிமிஷம், ஆரம்பத்துலேருந்தே பாய்ச்சல்தான். மூணாவது உருப்படி கிட்டத்தட்ட 29 நிமிஷம். கிதாரோட ஒலியே பழகாதவங்களுக்கு அது சுமை. மூணு நாலு வாரம் போகட்டும்.

ஸ்லைடுல ஆரம்பிங்க. கோட்டுவாத்தியம் கேட்டவங்களுக்குக் கட்டையைத் தந்தி மேல உருட்டுறது புதுசில்லை. விஸ்வமோகன் பட்டும் ரை கூடரும் வாசிச்ச ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ (1993) சரியான வாசல். நாலே உருப்படி, நாப்பது நிமிஷத்துக்குள்ள முடியும். கவிச்சந்திரன் அலெக்சாண்டர் தயாரிச்சது, தேவாலயத்துல பதிவானது, அந்த இடத்தோட காத்து கூட கேக்கும். ஒருத்தர் கையில மோகன வீணை, பேருதான் வீணை, மாத்தியமைச்ச கிதார்தான் அது, அடியில தரஃப் தந்திகள் தானா அதிரும். இன்னொருத்தர் பாட்டில்நெக், அதாவது விரல்ல மாட்டின குழாயால ஸ்லைடு. எது யாருன்னு பிரிக்க ஒரு வழி: மீட்டு நின்ன பிறகும் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு ரீங்காரம் தொடர்ந்தா அது பட். சட்டுனு அடங்கி, கனமா, கொஞ்சம் கரகரன்னு இருந்தா கூடர்.

அதுக்கு முந்தின வேர் ‘கால் ஆஃப் த வேலி’ (1967). சிவ்குமார் சர்மா சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியா குழல், பிரிஜ் பூஷண் காப்ரா கிதார். மூணு பேருல காப்ராவைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. ஸ்லைடு கிதாரை ராக வாத்தியமா நிக்க வச்சவர் அவர்.

‘டார்க் சைட்’ வேண்டாம்னா சரி, பிங்க் ஃபிளாய்டையே தூக்கக் கூடாது. ‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975) போடுங்க. பி ஃப்ளாட், எஃப், ஜி, ஈ: அவங்க கிதார் கலைஞர் கில்மோரோட அந்த நாலு ஸ்வரத்துலேருந்துதான் ஆல்பத்தோட முதலும் முடிவும் முளைச்சிருக்கு. அண்ணனோட சோதனையில இது தாராளமா ஜெயிக்கும்.

அப்புறம், கேரளத்துல உக்காந்துகிட்டு ‘மக்தூப்’ (2008) இல்லாம ஒரு பட்டியலா? மதர்ஜேன் குழுவுல பைஜு தர்மஜன் ராக் கிதாருல கர்நாடக பிடியைக் கொண்டுவந்த விதம் பசங்களுக்கும் பெரியவங்களுக்கும் நடுவுல பாலமா இருக்கும். ஸ்வரத்தைக் கீழேயிருந்து ஏத்துறதோட நிக்காம, இழுத்த தந்தியைப் பாதியில நிறுத்தி அசைச்சு இறக்குவாரு. அதே வருஷம் வந்த ‘அவியல்’ல ரெக்ஸ் விஜயனும் அருமை, ஆனா அது மொத்தக் குழுவோட ஆல்பம்.

நகரி_தந்தி

மீட்டிங் முதலில் என்பதை ஏற்கிறேன். ‘விஷ் யூ வேர் ஹியர்’ பற்றியும் மறுப்பில்லை.

‘மக்தூப்’ வரட்டும். அப்படியென்றால் பிரசன்னாவுக்கும் இடம் வேண்டும். எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், ராணிப்பேட்டையில் பிறந்தவர். கிதாரில் முழுக் கச்சேரி செய்பவர். ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக அவர் செய்த ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’டை ‘ஆக்ஸிஸ்’ போட்டதற்கு அடுத்த வாரம் போடுங்கள். முன்னால் போட்டால் எதற்கு அஞ்சலி என்பதே தெரியாமல் போகும்.

பாலகொல்லு கொடுத்த மாண்டலின் ஸ்ரீநிவாஸை இங்கே சேர்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். எட்டுத் தந்தியை ஐந்தாகக் குறைத்த எலெக்ட்ரிக் மாண்டலின் அது. ஒலியில் கிதாருக்குப் பக்கம்தான், ஆனாலும் அது தனி வாத்தியம், தனி மாலைக்கு உரியது. மெக்லாஃப்லினோடு அவரைக் கேட்க ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ (2001) இருக்கிறது.

சாட்ரியானி, ஸ்டீவ் வாய் இருவரில் ஒருவர் போதும். சாட்ரியானி இருக்கட்டும். அவர் மெட்டுகளை வாயால் பாட முடியும். ‘வான் ஹேலன்’ கட்டாயம். ‘இரப்ஷன்’ 1 நிமிடம் 42 நொடிதான், ஆனால் வலது கை விரலையும் ஃப்ரெட் பலகைக்குக் கொண்டுபோன டேப்பிங்கை உலகம் முழுவதும் பரப்பியது அந்தப் பதிவு. ‘ப்ளோ பை ப்ளோ’வைத் தொடவே வேண்டாம். அதன் மெதுவான உருப்படி ‘காஸ் வீ’வ் எண்டட் ஆஸ் லவர்ஸ்’ வரும்போது, சில ஸ்வரங்களுக்கு மீட்டின் ஓசையே இருக்காது. பெக் கிதாரின் வால்யூமை அடைத்து மீட்டிவிட்டு, பிறகு திறக்கிறார். வாய்ப்பாட்டின் எடுப்பு போல வரும்.

வாளையார்_வாசி

இளையராஜா இல்லாத கிதார் பட்டியலா? ‘என் இனிய பொன் நிலாவே’ (1980), ‘இளைய நிலா’ (1982) ரெண்டும் இல்லாம எப்படிங்க?

மார்த்தாண்டம்_மெட்டு

ரெண்டும் தங்கம். இசையமைப்பாளர் ஆகறதுக்கு முன்னால அவரே சலில் சௌத்ரிக்குக் கிதார் வாசிச்சவர்தான். ஆனா இங்க கேள்வி முழு ஆல்பம். சினிமாப் படத்தோட கேசட்டுல ஒரு பாட்டுல கிதார் ராஜாவா இருக்கும், அடுத்ததுல வயலின், அதுக்கடுத்ததுல குழல். ஒன்பதாவது வாரம்னு ஒண்ணு வச்சு, தமிழ், மலையாளம், தெலுங்கு மூணுலேருந்தும் கிதார் முன்னால நிக்கற சினிமாப் பாட்டா பன்னிரண்டு பொறுக்குங்க. கூட்டம் அன்னைக்குத்தான் நிறையும்.

செங்கோட்டை_ஒலி

ஆல்பத் தேர்வை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கேட்கும் ஏற்பாடு தவறினால் எந்தப் பட்டியலும் வீண்.

ஸ்பீக்கர்களை 20 அடி சுவர் பக்கம் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே 7 அடி, பின்சுவரிலிருந்து 2 அடி. உயர ஒலிக்கான சின்னக் கோன், உட்கார்ந்தவர் காது மட்டத்துக்கு வரவேண்டும், நாற்காலி என்றால் மூன்றரை அடி. முதல் வரிசை 8 அடி தள்ளி. வரிசைக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம், ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும்தான் கேட்கும். இரண்டு பெட்டியையும் உள்பக்கமாகத் திருப்பி, அவற்றின் நேர்கோடுகள் முதல் வரிசைக்குச் சற்று முன்னால் வெட்டிக்கொள்ளும்படி வைத்தால் ஓரத்துக்காரர்களுக்கும் ஓரளவு சமன் கிடைக்கும்.

டைல்ஸும் சிமென்ட்டும் பெரிய எதிரி. கை தட்டிப் பாருங்கள், ‘டிர்ர்’ என்று வால் நீண்டால் ஸ்பீக்கருக்கும் முதல் வரிசைக்கும் நடுவே இரண்டு ஜமக்காளம் விரித்து, பக்கச் சுவரில் கனமான திரை தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் மெக்லாஃப்லினின் வேகமான பிடிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

ஒயரிங் சோதனைக்கு இரண்டு பதிவு போதும். ராபர்ட் ஜான்சன் 1936, 37இல் பதிவு செய்தவை மோனோ, அதாவது இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி. குரலும் கிதாரும் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவி, அடி ஒலியும் காணாமல் போனால் ஒரு பெட்டியில் சிவப்பு கறுப்பு ஒயர் மாறியிருக்கிறது. அடுத்து ‘ஃப்ரைடே நைட்’ முதல் உருப்படி. இடப்பக்கம் பாக்கோ தெ லூசியா, நைலான் தந்தி, விரல். வலப்பக்கம் அல் டி மியோலா, ஸ்டீல் தந்தி, பிக். இடம் மாறிக் கேட்டால் ஆம்புக்குப் போகும் இரண்டு பின்னையும் மாற்றுங்கள். மெக்லாஃப்லின் சேரும்போது நடுவில் நிற்பார்.

ஒரு பக்கம் செத்திருந்தால் ‘வான் ஹேலன்’ காட்டிக்கொடுக்கும். அதில் கிதார் பெரும்பாலும் இடப்பக்கம், வலப்பக்கம் அதன் எதிரொலிதான். இடது பெட்டி ஊமையானால் கிதார் தூரத்து அறையில் வாசிப்பது போல இருக்கும். அவசரத்துக்கு ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் போடாதீர்கள். மூன்று கிதாரும் ஒரே புள்ளியில் குவிந்து, உரையாடல் போய்விடும்.

செயலியில் கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவில் அடுத்ததைக் கலக்கும் வசதி) அணையுங்கள், இடைவெளியில்லா ஓட்டத்தைத் திறந்து வையுங்கள். ‘விஷ் யூ வேர் ஹியர்’ உருப்படிகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுபவை, இடையில் வெட்டு விழுந்தால் கெட்டுவிடும். ஒலியளவை ஆல்பத்தின் தொடக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘சக்தி’யில் கடமும் தபேலாவும் உச்சத்துக்குப் போகும் இடத்தைப் போட்டுப் பார்த்து, நடு வரிசையில் 80 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அதுதான்.

கொழிஞ்சாம்பாறை_காது

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்போ வரிசை இப்படி: மீட்டிங் பை தி ரிவர், வெஸ் மான்ட்கோமரி, ஃப்ரைடே நைட், சக்தி, ஆக்ஸிஸ், ப்ளோ பை ப்ளோ, வான் ஹேலன், மக்தூப். பிரசன்னாவை ஆக்ஸிஸுக்கு அடுத்து வைக்கத்தான் ஆசை, ஒன்பது வாரம் கிடைச்சா அதுக்குத்தான். கால் ஆஃப் த வேலியும் விஷ் யூவும் சாட்ரியானியும் அடுத்த சுத்துக்கு.

ஒரே ஒரு சந்தேகம். பசங்க ஆக்ஸிஸ் கூட வாசிச்சுப் பாத்தா சுருதியே சேரலைங்கறாங்க. கிதார் சரியாத்தான் டியூன் ஆகியிருக்கு.

நகரி_தந்தி

கிதாரில் குறை இல்லை. ஹெண்ட்ரிக்ஸ் அந்த ஆல்பத்தில் பெரும்பாலும் அரை ஸ்வரம் இறக்கி வைத்திருக்கிறார். தடித்த தந்தியிலிருந்து: ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட், ஜி ஃப்ளாட், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட். பசங்களுக்கு எளிய வழி, டியூனரின் அடிப்படையை 440இலிருந்து 415 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, வழக்கம்போல ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்றே சேர்க்கலாம். முடிந்ததும் 440க்கு மறக்காமல் திருப்ப வேண்டும்.

ட்ரெமலோ பிரிட்ஜ் (ஸ்பிரிங்கில் நின்று அசையும் தந்தித் தாங்கி) உள்ள கிதார் என்றால் ஒரே சுற்றில் நிற்காது. ஒவ்வொரு தந்தியை இறக்கும்போதும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் பிரிட்ஜை இழுத்துக்கொள்ளும், ஏற்கெனவே சேர்த்த தந்திகள் ஏறிவிடும். மூன்று சுற்று போங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்வரத்துக்குக் கீழே இறக்கி, மேல்நோக்கி ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் குமிழில் தளர்வு தங்கி, தந்தியை முதல் முறை இழுத்ததுமே சுருதி நழுவும்.

9-42 என்ற மெல்லிய தந்தி போட்டிருந்தால் இறக்கிய பிறகு தொளதொளவென்று ஃப்ரெட்டில் உரசும். கொஞ்சம் தடித்த 10-46 போடுங்கள். ‘வான் ஹேலன்’ ஆல்பமும் ஏறக்குறைய அரை ஸ்வரம் கீழேதான், ஆகவே ஒரு கிதாரை இறக்கியே வைத்திருக்கலாம். மற்ற ஆல்பங்களுக்கு முதல் ஃப்ரெட்டில் காப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்தும் கிளிப்) போட்டால் சாதாரண சுருதி வந்துவிடும்.