பழங்குடி மொழியில் எந்த வகுப்பு வரை கற்பிப்பது?

கேள்வி:
ஒடிசாவில் சவரா, சந்தாலி, குயி, குவி, கோயா உள்ளிட்ட பத்துப் பழங்குடி மொழிகளைத் தொடக்க வகுப்புகளில் பயிற்றுமொழியாக்கும் திட்டம் 2006-07 வாக்கில் தொடங்கப்பட்டது. (கடைசி மூன்றும் தமிழுக்கு உறவான திராவிட மொழிகள்.) வீட்டு மொழியில் தொடங்கும் குழந்தையைப் படிப்படியாக ஒடியாவுக்குக் கொண்டுவருவதே ஏற்பாடு. எப்படியும் மாறத்தான் வேண்டுமென்றால், முதல் வகுப்பிலேயே மாநில மொழியில் தொடங்கினால் என்ன? தாய்மொழியில் கழியும் ஆண்டுகள் பின்னாளில் ஆங்கிலத்தையும் பாதிக்காதா?

மறுமொழி 1:
இந்த ஐயத்தை நைஜீரியாவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1970இல் இலே-இஃபே நகரில் கல்வியாளர் பாப்ஸ் ஃபஃபுன்வா முன்னின்று நடத்திய திட்டத்தில், ஒரு பிரிவு மாணவர்கள் ஆறாண்டுகளும் யொருபா மொழியிலேயே பாடங்களைக் கற்றார்கள். ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக, அதற்கெனவே அமர்த்தப்பட்ட ஆசிரியர் கற்பித்தார். மற்றொரு பிரிவினர் வழக்கம்போல் மூன்றாண்டு யொருபாவில் படித்துவிட்டு, நான்காம் ஆண்டில் ஆங்கிலவழிக்கு மாறினார்கள். முதற்பிரிவினர் ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை. மற்றப் பாடங்களிலோ முந்தியே நின்றார்கள். மாறுவதில் எனக்கு மறுப்பில்லை, மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் மாற்றிவிடத் துடிக்கும் அவசரத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

மறுமொழி 2:
யொருபா கோடிக்கணக்கானோர் பேசும், எழுத்து மரபும் அச்சு நூல்களும் உள்ள மொழி. அதன் வெற்றியைச் ஒடிசாவில் சில ஆயிரம் பேர் மட்டுமே பேசும் போண்டா என்னும் பழங்குடி மொழிக்கு அப்படியே பொருத்த இயலாது. எழுபது லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசுவதும், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றதுமான சந்தாலிக்கே எழுத்துச் சிக்கல் தீர்ந்தபாடில்லை. ரகுநாத் முர்மு 1925இல் ஒல் சிக்கி எழுத்தை உருவாக்கிய பின்னும், மாநிலத்துக்கு மாநிலம் வங்காள, தேவநாகரி, ஒடியா, ரோமன் எழுத்துகளிலும் அம்மொழி எழுதப்பட்டு வந்ததால், ஓரிடத்தில் அச்சிட்ட பாடநூல் மற்றோரிடத்துக்கு உதவுவதில்லை. அரசியலமைப்பின் 350ஏ பிரிவும் மொழிச் சிறுபான்மையினருக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிற அளவில் நின்றுவிடுகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆங்கிலத்துக்கெனத் தனி ஆசிரியர் அமர்த்தப்பட்டதை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் மலைப்பள்ளியில் அதற்கு வழியில்லை. குயி பேசும் பிள்ளைகளும் ஒடியா பேசும் பிள்ளைகளும் ஒரே அறையில் அமர்ந்திருந்தால் சிக்கல் இன்னும் கூடும். அத்தகைய வகுப்பில் கற்பித்த அனுபவமுள்ளவர்கள், முதலாண்டில் நேரத்தை இரு மொழிகளுக்கும் எவ்வாறு பகிர்ந்தீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.