மழை விட்டாச்சு. நின்றுபோன ஓட்டக் குழுவை எப்படி மறுபடி தொடங்குவது? (கொழும்பு)

வெள்ளவத்தை ரீச்சர் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடும் ஒரு சின்னக் குழுவை நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். குழுவுக்குப் பெயர் கிடையாது, காசு கிடையாது. காலை 5.45க்கு வெள்ளவத்தை ரெயில் நிலையத்தடியில் கூடுவோம். மரைன் டிரைவ் வழியாகப் பம்பலப்பிட்டி நிலையம் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 4 கிலோமீற்றர். விடிந்த பிறகும் கட்டடங்களின் நிழல் வீதியில் விழும், மறுபக்கம் கடல். ஓகஸ்டில் 19 பேர் இருந்தோம், அதில் 11 பேர் பெண்கள். போன ஞாயிறு நான் மட்டும் போனேன். கொஞ்ச நேரம் தண்டவாளத்துக்கு அப்பால் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் தம்பியும் ஓடுகிறவன். குளிர் முடிந்து நடைபாதையில் பனி உருகிய முதல் ஞாயிறு அவர்களுடைய குழு முழுதும் கூடிவிடும். மாதக்கணக்கில் காணாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், மெதுவாக ஓடுவார்கள், கோப்பி குடிப்பார்கள். ஒவ்வொரு வசந்தத்துக்கும் எனக்கு வீடியோ வரும்.

எங்களுக்குப் பனி இல்லை. ஆனால் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் காலம் எங்களுக்கும் இருக்கிறது. நான் புவியியல் படிப்பிப்பவள் என்பதால் எண்ணாகவே சொல்கிறேன். 1961 முதல் 1990 வரையான சராசரியில் கொழும்புக்கு நவம்பரில் 414 மில்லிமீற்றர் மழை, ஜனவரியில் 58. வடகீழ்ப் பருவக்காற்று கிழக்கிலும் வடக்கிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலைநாட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது காய்ந்துவிடுகிறது. அதனால் தை மாதத்து விடியற்காலை 22 பாகை வரை இறங்கும், வியர்வை உடம்பில் ஒட்டாது. கொழும்பில் ஓடுகிறவர்களுக்கு வசந்தம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். ஏப்ரல் வெக்கை வருவதற்குள் கையில் இருப்பது இரண்டரை மாதம்.

இந்த முறை ஆட்களைக் கூப்பிடவே எனக்குக் கை வரவில்லை. மற்ற வருடங்களில் மழை விட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுவேன், பாதிப்பேர் வந்துவிடுவார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. களனி கங்கை பெருகியபோது எங்கள் குழுவில் வெல்லம்பிட்டியிலிருந்து வரும் ஒரு தங்கச்சியின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகளோடு மாடிவீட்டுக்காரரிடம் ஏறித் தப்பினார். இரண்டு மாதம் பணம் சேர்த்து வாங்கிய அவருடைய ஓட்டச் சப்பாத்து வெள்ளத்தோடு போய்விட்டது. எனக்கு இது வேறொருவர் சொல்லித்தான் தெரியும். அவராகச் சொல்லவில்லை. குழுவில் எதற்கும் இப்போது பதில் போடுவதும் இல்லை.

இன்னொரு அக்காவுக்கு 56 வயது. டிசம்பரில் டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் மாடிப்படி ஏறினாலே கால் சோர்ந்துவிடுகிறது என்கிறார். மற்றவர்கள் சும்மா விட்டுப்போனவர்கள். "நிறை கூடிவிட்டது, குறைத்துவிட்டு வருகிறேன்" என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.

பொங்கல் முடிந்து வரும் ஞாயிறு தொடங்க நினைக்கிறேன். முதல் நாள் எவ்வளவு தூரம் வைக்கலாம்? டெங்கு வந்தவரைக் கூப்பிடலாமா? அந்தத் தங்கச்சிக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுக்க ஆசை. ஆனால் அவர் மனம் நோகாமல் எப்படிச் செய்வது? இதைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். நிறைய யோசித்தும் எனக்கு வழி தெரியவில்லை.

---

கொட்டாஞ்சேனை பிசியோ:

ரீச்சர், தூரத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட், அது என் தொழில்.

இரண்டு மாதம் நிறுத்தியவருக்கு மூச்சு குறைந்திருக்கும். அது சீக்கிரம் திரும்பிவிடும், மூன்று நாலு கிழமை போதும். தசைநாரும் எலும்பும் அவ்வளவு வேகமாகத் திரும்புவதில்லை. என்னிடம் வருகிறவர்கள் அனேகமாக முதல் கிழமையில் வருவதில்லை. நாலாம் கிழமையில், "இப்போது நன்றாக ஓடுகிறது" என்று தூரத்தைக் கூட்டிய பிறகுதான் கணைக்கால் எலும்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஆகவே ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, அதை எட்டுத் தரம். 24 நிமிடம் போதும். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகக் கதைக்க முடிய வேண்டும். வார்த்தை உடைந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். கிழமைக்கு ஒரு நாள் மட்டும் காணாது, இடையில் இரண்டு நாள் வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கச் சொல்லுங்கள்.

சப்பாத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈரப்பதத்தில் மாதக்கணக்கில் அலுமாரிக்குள் கிடந்தால் பசை விட்டு அடிப்பாகம் கழலும். ஓடும்போது கழன்றால் கணுக்கால் பிரளும்.

டெங்கு வந்த அக்காவைக் கட்டாயம் கூப்பிடுங்கள், ஆனால் ஓட அல்ல. காய்ச்சல் விட்ட பிறகும் கிழமைக்கணக்கில் அந்தச் சோர்வு நிற்பது வழமை. அவரைப் பார்த்த டொக்டர் சரி என்று சொன்ன பிறகு, பத்து நிமிடம் சமதரையில் நடக்கட்டும். அடுத்த நாள் களைப்பு கூடாவிட்டால் இரண்டு நிமிடம் கூட்டலாம். கூடினால் அதே பத்து நிமிடம்தான். நெஞ்சு படபடத்தால் அல்லது தலை சுற்றினால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டொக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்று. டெங்கு நுளம்பு அதிகமாகக் கடிப்பது விடிந்த பிறகான சில மணித்தியாலங்களிலும் பொழுது சாயும் நேரத்திலும். நாங்கள் நீட்டிமடக்கிக்கொண்டு நிற்கும் நேரமும் அதுதான். ஓடும்போது அவ்வளவு பயமில்லை, ஒரே இடத்தில் நிற்கும்போதுதான் கடிக்கும். டெங்கு வைரஸில் நாலு வகை இருக்கிறது, ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை வந்தால் கடுமையாகும் ஆபத்து கூட. அந்த அக்கா நுளம்பு எண்ணெய் பூசாமல் வரவே கூடாது.

---

பழைய ஓட்டக்காரன்:

தங்கச்சி, எனக்கு 71 வயது. முதல் நாளை மட்டும் வெள்ளவத்தையில் வைக்காதீர்கள். கடற்கரையோரப் புல்வெளி, காலிமுகத்திடலுக்கு வாருங்கள்.

காரணம் சொல்கிறேன். வெல்லம்பிட்டியிலிருந்து வரும் பிள்ளைக்கு அதுதான் கிட்ட. மற்றவர்களுக்கு ஞாயிறு காலையில் காலி வீதியில் 100, 101 பஸ் எதுவும் கிடைக்கும். அங்கே கடலோர நடைபாதை அகலம், வாகனம் குறுக்கே வராது, களைத்தால் உட்காரலாம். நடக்கிறவர் நடக்க, ஓடுகிறவர் அவரைச் சுற்றிச்சுற்றி ஓடலாம். ஒருவரும் பின்னால் விடுபடமாட்டார்கள். மரைன் டிரைவில் அப்படி முடியாது, மெதுவாக வருகிறவர் தனித்துப்போவார்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த நடைபாதையை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கினார், 1859இல் முடிந்தது. கொழும்பிலுள்ள பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணிக் காக்கும்படி தனக்குப் பின் வருகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு கல்வெட்டே அங்கே இருக்கிறது. அவர் மனதில் எந்தப் பெண்கள் இருந்தார்களோ, அது வேறு கதை. எழுதிய எழுத்து எழுத்துத்தான். பதினொரு பெண்களோடு போகிறீர்கள், அந்தக் கல்லைக் காட்டிவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

சப்பாத்துக்கு வழி இது. முதல் நாள் எல்லோரும் செருப்போடு வரவேண்டும் என்று போடுங்கள். ஓட்டம் இல்லை, நடை மட்டும். புல்லில் வெறுங்காலோடும் நடக்கலாம். அப்போது சப்பாத்து இல்லாதவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

---

தெஹிவளை 10கே:

மன்னிக்கவும், எனக்கு உடன்பாடில்லை. ஓட்டக் குழு என்று கூப்பிட்டுவிட்டு நடக்க வைத்தால் ஒழுங்காக ஓடுகிறவர்கள் அடுத்த முறை வரமாட்டார்கள். எங்கள் குழு அப்படித்தான் உடைந்தது. விரும்புகிறவர்கள் 5 கிலோமீற்றர் ஓடட்டும், மற்றவர்கள் நடக்கட்டும்.

---

மழைக்குப் பின்:

தெஹிவளை அண்ணா, நான் அந்த "மற்றவர்கள்" பக்கம் இருந்தவள், அதனால் எழுதுகிறேன்.

2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் ஓடுவதை நிறுத்தினேன். கணவருக்கு வேலை போய்விட்டது. மாவும் சீனியும் என்ன விலை விற்றன என்று உங்களுக்குத் தெரியும். அப்போது குழுவில் யாராவது "இன்று 8 கிலோமீற்றர்" என்று படம் போட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அவர்கள் மேல் கோபம் இல்லை. நான் வேறு ஊரில் இருப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான். எத்தனையோ பேர் "எப்போது வருவீர்கள்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஒரு அக்கா மட்டும் கேள்வி கேட்கவில்லை. "ஞாயிறு 5.30க்கு உங்கள் ஒழுங்கை முனையில் நிற்பேன். வந்தால் நடப்போம், வராவிட்டால் நான் தனியாக நடந்துவிட்டுப் போவேன்" என்று எழுதினார். மூன்று ஞாயிறு நான் போகவில்லை. யன்னலால் பார்த்தேன், அவர் நின்றார். நாலாவது ஞாயிறு போனேன்.

ரீச்சர், பொதுவாகச் செய்தி போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். வெல்லம்பிட்டித் தங்கச்சியிடம் சப்பாத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவராகச் சொல்லும் நாள் வரும். அன்றைக்கு "அளவு என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு பிள்ளைகளை விட்டு வெளியே வர அவருக்கு மனம் வராது.

---

தெஹிவளை 10கே:

சரி அக்கா. நான் நினைத்தது வேறு. உங்கள் பதிலை இரண்டு தரம் வாசித்தேன். ரீச்சர், இடம் இருந்தால் நானும் வருகிறேன், செருப்போடு.

---

வெள்ளவத்தை ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. பிள்ளைகளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஐயா சொன்னபடி காலிமுகத்திடல், காலை 6 மணி. நேற்று இரவு 18 பேருக்கும் தனித்தனியாக எழுதினேன், முடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. தேசிக்காய்த் தண்ணி உப்பும் சீனியும் போட்டு நான் கொண்டுவருவேன். தெஹிவளைத் தம்பி, வாருங்கள். பிசியோ, உங்களுக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்து தூரமில்லை.

---

வெள்ளவத்தை ரீச்சர் (ஞாயிறு மாலை):

போய்வந்தோம். குழுவில் 12 பேர், தெஹிவளைத் தம்பி, பிசியோ, பிள்ளைகள் ஐந்து பேர்.

ஆறு மணிக்கு இன்னும் இருட்டு. 6.20 தாண்டி ஹோட்டல்களுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. டெங்கு வந்த அக்கா டொக்டரிடம் கேட்டுவிட்டு வந்திருந்தார். பத்து நிமிடம் நடந்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நாங்கள் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் கை காட்டினார். தம்பி பிள்ளைகளோடு புல்லில் ஓட்டப்பந்தயம் வைத்தார். அவர்தான் இன்று அதிகம் ஓடியவர் என்று நினைக்கிறேன்.

வெல்லம்பிட்டித் தங்கச்சி 6.40க்கு வந்தார், இரண்டு பிள்ளைகளோடு. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் சுற்றில் என் பக்கத்தில் நடந்துகொண்டே வெள்ளம் வந்த இரவை முழுதாகச் சொன்னார். பாடசாலைக் கொப்பிகளைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறியதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. நாங்கள் நிற்கவில்லை, வேகத்தைக் குறைத்துக்கொண்டு நடந்தோம். திரும்பி வரும்போது, "சப்பாத்தும் போச்சு ரீச்சர்" என்றார்.

அளவு 38. நாளை பாடசாலை விட்டதும் கடைக்குப் போகிறேன்.

அடுத்த ஞாயிறும் காலிமுகத்திடல்தான், பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தரம். பெப்ரவரி 4ஆம் திகதி வரும் சுதந்திர தினத்தின் ஒத்திகைக்காக வீதி மூடினால் முதல் நாள் இரவே சொல்வேன்.